நான்கு ஆண்டு சப்போர்ட் வேலையை மறைக்க வேண்டுமா? மார்த்தாண்டம் வாசகிக்கு ஒரு பதில்

வாசகிக்கு 27 வயது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. கல்விக் கடனில் இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கிறது. தனியார் கல்லூரியில் பொறியியல் முடித்துவிட்டு, நான்கு ஆண்டுகளாகத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு சிறிய நிறுவனத்தில், மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கும் சப்போர்ட் குழுவில் இருக்கிறார். களியக்காவிளை வழியாகப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ் பயணம். பெங்களூருவில் உள்ள ஒரு புரொடக்ட் கம்பெனியின் (சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்கும் நிறுவனம்) ஆன்லைன் தேர்வில் தேறியிருக்கிறார். இன்னும் ஐந்து வாரத்தில் நான்கு ரவுண்டு நேர்காணல். கோடிங் இரண்டு, சிஸ்டம் டிசைன் (ஒரு பெரிய மென்பொருள் அமைப்பை எப்படித் திட்டமிடுவது என்று பேசுவது) ஒன்று, மேனேஜருடன் ஒன்று. முதல் மூன்றும் வீடியோ வழியாக, கடைசி ரவுண்டு நேரில்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு நேர்காணலில், திரையில் கேள்வி தோன்றியதும் கை விறைத்துப்போய் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வாயே திறக்காமல் இருந்ததாக எழுதியிருக்கிறார். இந்த முறை 400 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்கியிருக்கிறார். அதற்கு நேரம் போதாததால் வேலையை விடலாமா என்று கேட்கிறார். சப்போர்ட் அனுபவத்தை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று தோழி ஒருவர் சொல்ல, ஒரு ஏஜென்சியை அணுகியிருக்கிறார். டெவலப்பராக வேலை பார்த்ததாக வேறொரு நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழும், வீடியோ நேர்காணலில் காதில் விடை சொல்ல ஓர் ஆளும் தருவதாகச் சொல்லி 80,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். 10,000 முன்பணமும் போய்விட்டது. ஆங்கிலம் பேசத் தயக்கம். தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மாதக் கடைசி ரிப்போர்ட் 40 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு இண்டெக்ஸ் போட்டேன், 2 நிமிடத்துக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்." (மற்ற வாசகர்களுக்காக: இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, தேடும் பதிவுகளை நேராகக் கண்டுபிடிக்கத் தரவுத்தளத்துக்கு உதவும் பட்டியல்.) நீங்கள் எதை மறைக்க 80,000 ரூபாய் கொடுக்கப் போகிறீர்களோ, அதற்குள்தான் உங்களுக்கு வேலை வாங்கித் தரக்கூடிய விஷயம் இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களில் பல ஆண்டுகள் நேர்காணல் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் நான் கையிலிருந்த கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, அடுத்த இருபது நிமிடமும் அதைப் பற்றியே கேட்டிருப்பேன்.

வேலையை விட வேண்டாம்

இதை முதலில் முடித்துவிடுவோம். உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று ராஜினாமா கொடுத்தாலும் நேர்காணல் முடியும்வரை நீங்கள் அலுவலகம் போய்வர வேண்டியிருக்கும். ஆகவே தயாரிப்புக்கு நேரம் கிடைக்கும் என்ற கணக்கே நிற்காது. உடனே விலகினால் நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கட்டச் சொல்வார்கள், மாதத் தவணையும் அப்பாவின் தலையில் விழும். எழுத்தில் ஆஃபர் லெட்டர் கையில் வந்து, அதில் சம்பளம், சேரும் தேதி, ஏதாவது பாண்டு ஒப்பந்தம் உண்டா என்பதையெல்லாம் படித்துப் பார்த்த பிறகே ராஜினாமா. உங்களுக்கு விடுப்பு மீதம் இருந்தால் நேர்காணல் நாட்களுக்கும் அதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

ஏஜென்சியைப் பற்றி

இந்த இடத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் ஏமாற்ற நினைத்தவர் அல்ல, பயந்து போனவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் சட்டம் பயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. போலி அனுபவச் சான்றிதழை உண்மையானதாகக் காட்டுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் போலி ஆவணத்தைப் பயன்படுத்துதல் என்ற 340-ஆம் பிரிவுக்குள்ளும், ஏமாற்றுதல் என்ற 318-ஆம் பிரிவுக்குள்ளும் வரக்கூடிய செயல். உங்கள் இடத்தில் இன்னொருவரையே உட்காரவைத்தால் ஆள்மாறாட்டம் என்ற 319-ஆம் பிரிவு மட்டுமல்லாமல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. காதில் விடை வாங்குவது அதற்கு ஒரே ஒரு படி கீழே நிற்கும் காரியம். வழக்கு என்ற அளவுக்குப் போகாவிட்டாலும், பொய் நிற்காது என்பதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வருங்கால வைப்புநிதியில் யூ.ஏ.என். என்ற ஒரே எண்தான் இருக்கிறது. எந்த நிறுவனம் எந்த மாதம் உங்களுக்காகப் பணம் கட்டியது என்று அந்தப் பாஸ்புக்கில் வரிசையாக இருக்கும். வேலையில் சேர்ந்த பின் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் அதையும் கேட்கலாம். அப்போது பிடிபட்டால் புது வேலையும் போகும், பழைய வேலையும் இருக்காது.

காதில் விடை சொல்லும் ஆளைப் பொறுத்தவரை, எதிரே இருப்பவருக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். கேள்வி முடிந்ததும் ஒரு சீரான இடைவெளி, பிறகு வாசிப்பது போன்ற குரல், "இந்த வரியை ஏன் இங்கே எழுதினீர்கள்?" என்று குறுக்கே கேட்டால் மறுபடியும் அதே இடைவெளி. இரண்டு கேள்வியில் வெளிப்பட்டுவிடும். மேலும், உங்களுடைய கடைசி ரவுண்டு நேரில். அங்கே அவர் எப்படி வருவார்?

இப்போது செய்ய வேண்டியது இது. ஆதார், மதிப்பெண் பட்டியல், அசல் சான்றிதழ் எதையும் அவர்களுக்கு அனுப்பாதீர்கள். எனக்கு இந்தச் சேவை வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, இதுவரையிலான உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மிரட்டினாலோ மேலும் பணம் கேட்டாலோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லலாம்; அருகிலுள்ள காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் திரும்பாவிட்டால் 10,000 ரூபாயோடு போனது என்று விட்டுவிடுங்கள். வீட்டில் அப்பாவிடம் சொல்லிவிடுவது நல்லது. அவர் கோபப்படலாம், ஆனால் பிறகு யாராவது அவரைப் போனில் மிரட்டினால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

சப்போர்ட் வேலையை எப்படிச் சொல்வது

அந்த இண்டெக்ஸ் கதைக்கு வருகிறேன். "இண்டெக்ஸ் போட்டேன், வேகமானது" என்று சொன்னால் அது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நேர்காணல் செய்பவர் கேட்க விரும்புவது அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை. ரிப்போர்ட் மெதுவாக இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? நீங்கள் முதலில் எதைச் சந்தேகித்தீர்கள்? சர்வரையா, நெட்வொர்க்கையா? அந்தச் சந்தேகம் தவறு என்று எப்படித் தெரிந்தது? குவெரிக்கு (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) முன்னால் எக்ஸ்பிளைன் என்ற கட்டளையைப் போட்டு, அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தீர்களா, அதில் முழு டேபிளையும் (தரவு அட்டவணை) வரிவரியாகப் படிக்கிறது என்று தெரிந்ததா? முதல் இரண்டு ஆண்டு வராத பிரச்சினை மூன்றாம் ஆண்டில் ஏன் வந்தது?

பிறகு இன்னும் ஆழமாகப் போவார். டேபிளின் எந்த நெடுவரிசைகளில் இண்டெக்ஸ் போட்டீர்கள் என்று கேட்பார். மருத்துவமனைக் குறியீடு ஒன்று, பில் தேதி ஒன்று என்று இரண்டும் சேர்ந்த இண்டெக்ஸ் என்றால், எது முதலில், ஏன்? குறியீடு சரியாக ஒரே மதிப்போடு ஒப்பிடப்படுகிறது, தேதியோ ஒரு மாதம் முழுவதையும் கேட்கிறது; ஆகவே குறியீடு முன்னால் நின்றால், அந்த மருத்துவமனையின் அந்த மாதப் பில்கள் இண்டெக்ஸில் அடுத்தடுத்து ஒரே இடத்தில் கிடைக்கும். தேதியை முன்னால் வைத்தால், அந்த மாதத்தில் எல்லா மருத்துவமனைகளும் போட்ட பில்களின் ஊடே தேட வேண்டியிருக்கும். இதைச் சொல்லும்போது காகிதத்தில் பத்து வரிகள் எழுதிக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. அதன் பின் அவர் கேட்கப்போவது, இதனால் என்ன இழந்தீர்கள் என்பதுதான். ஒவ்வொரு புதுப் பில்லும் பதிவாகும்போது இண்டெக்ஸிலும் எழுத வேண்டும், அதற்கு நேரமும் இடமும் செலவாகும். காலையில் ஓ.பி. வரிசை நிற்கும் நேரத்தில் பில் போடுவது மெதுவாகவில்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? அதை அப்போது பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள்; இப்போது செய்வதானால் எதை அளப்பேன் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த நேர்மைக்கு மதிப்பெண் உண்டு.

கவனித்தீர்களா? டேபிள் நூறு மடங்கு வளர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கும்போது நீங்கள் சிஸ்டம் டிசைன் ரவுண்டுக்குள் வந்துவிட்டீர்கள். பழைய பில்களைத் தனி டேபிளுக்கு நகர்த்துவது, ரிப்போர்ட்டுக்கென்று தரவின் நகல் ஒன்றைத் தனி சர்வரில் வைப்பது, இரவிலேயே கணக்கிட்டு வைத்துவிடுவது என்று நீங்கள் அலுவலகத்தில் தினமும் காதில் கேட்கும் பேச்சுதான் அந்த ரவுண்டில் நடக்கும். பெரிய இணையதளங்களின் வரைபடங்களை இணையத்தில் பார்த்து ஒப்பிப்பவர்கள், இரண்டாவது "ஏன்" வரும்போது நின்றுவிடுவார்கள். நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து போன் வந்து லாக் கோப்பைத் திறந்து பார்த்த உங்களுக்கு அந்த "ஏன்" புதிதல்ல. இதுபோல நான்கு ஆண்டுகளிலிருந்து நான்கு சம்பவங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். அவற்றில் ஒன்று நீங்கள் செய்த தவறாக இருக்கட்டும். மேனேஜர் ரவுண்டில் அதை நிச்சயம் கேட்பார்கள். மருத்துவமனையின் பெயரையும் நோயாளிகளின் விவரத்தையும் மட்டும் எங்கும் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் இப்போதைய நிறுவனத்தின் ரகசியம்.

400 கேள்விகளும் முதல் பத்து நிமிடமும்

பட்டியலை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிடுங்கள். ஐந்து வாரத்தில், நாளுக்கு ஒன்றரை மணி நேரத்தில், 60 கேள்விகளைப் புரிந்து செய்ய முடியும். 400-ஐ மேய்ந்துதான் போக முடியும். ஹேஷ் மேப் (ஒரு மதிப்பு இருக்கிறதா என்று உடனே தேட உதவும் அட்டவணை), இரண்டு முனையிலிருந்து நகர்வது, பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது), ஸ்டாக், லிங்க்டு லிஸ்ட், மரங்கள், கிராப்பில் அகலவாக்கிலும் ஆழவாக்கிலும் தேடுவது, ஹீப் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். டைனமிக் புரோகிராமிங்கில் எளியவை ஐந்தாறு போதும். ஒரு கேள்வியைச் செய்து முடித்தால், மூன்று நாள் கழித்து விடையைப் பார்க்காமல் வெறும் நோட்டில் மறுபடி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் முதல் தடவை புரியவில்லை என்று அர்த்தம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்கள் உறைந்து போனதற்குக் காரணம் விடை தெரியாதது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு விடையும் மனத்தில் வந்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்று நினைத்ததுதான் காரணம். ஒரு கேள்வியைக் கொண்டு காட்டுகிறேன். எண்களின் பட்டியல் ஒன்று கொடுத்து, எந்த இரண்டைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் என்று கேட்கிறார்கள். அப்பா கொண்டுபோகும் ரப்பர் ஷீட்டுகளின் எடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நிமிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: ஒரே எடை இரண்டு முறை வரலாமா? பட்டியல் ஏற்கெனவே வரிசைப்படுத்தப்பட்டதா? ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடி இருந்தால் எல்லாம் வேண்டுமா, ஒன்று போதுமா? ஜோடியே இல்லாவிட்டால் என்ன திருப்பித் தர வேண்டும்? எத்தனை எண்கள் வரும்? இவற்றைக் கேட்பது அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். நேர்காணல் செய்பவர் கேள்வியை வேண்டுமென்றே அரைகுறையாக விட்டிருப்பார்.

அடுத்து, மிக எளிய வழியைச் சொல்லிவிடுங்கள்: ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது. ஒரு லட்சம் எண்கள் என்றால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள். விநாடிக்குப் பத்துக் கோடி செயல் என்று தோராயமாக வைத்தாலும் 50 விநாடி ஆகும், இது போதாது என்று நீங்களே சொல்லுங்கள். பிறகு ஹேஷ் மேப்: ஒவ்வொரு எண்ணையும் தொடும்போது, தொகைக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமா என்று தேடினால், பட்டியலை ஒரே தடவை கடந்தால் போதும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் தேடிவிட்டு, அதன் பின்னரே அந்த எண்ணை மேப்பில் போட வேண்டும். எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிட்டுத் தேடினால், பட்டியலில் 3 ஒன்றே ஒன்று இருந்து தொகை 6 என்று கேட்கும்போது, அந்த 3 தன்னையே ஜோடியாகக் கண்டுவிடும். நிரலை எழுதி முடித்ததும் "முடிந்தது" என்று சொல்லாமல், வெற்றுப் பட்டியல், ஒரே எண், இரண்டு 3-கள் என்று மூன்று சோதனைகளை நீங்களே வரிவரியாக ஓட்டிக் காட்டுங்கள்.

எல்லைகளில்தான் பிழை ஒளிந்திருக்கும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. பைனரி சர்ச் எல்லோரும் முதலாண்டில் படிப்பது. ஒரு கோடிப் பதிவுகளில் 24 ஒப்பீட்டுக்குள் தேடி எடுத்துவிடும். ஜாவா நூலகத்திலேயே இருந்த அந்த நிரலில், நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டும்போது, கூட்டுத்தொகை 214,74,83,647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும் என்ற பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதை விளக்கி எழுதினார். அவ்வளவு தேர்ந்தவர்கள் எழுதியதிலேயே தவறு இருந்திருக்கிறது. உங்கள் நிரலில் ஒரு தவறு இருப்பதற்காக யாரும் உங்களை நிராகரிக்கப் போவதில்லை. அதைத் தேடிப் பார்க்கிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நடுவில் சிக்கிக்கொண்டால், "இரண்டு நிமிடம் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். பிறகும் வழி தெரியாவிட்டால் எங்கே தடைபட்டது என்பதைச் சொல்லுங்கள். அவர் குறிப்புக் கொடுப்பார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவது வேலையிடத்தில் தினமும் நடப்பதுதான்.

உங்கள் பஸ் பயணத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். லேப்டாப்பைத் திறக்க முடியாத நெரிசலில், ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு களியக்காவிளை தாண்டும்வரை வழி தேடுங்கள். திரை இல்லாமல் யோசிக்கப் பழகியவருக்குத் திரையைக் கண்டு கை விறைக்காது. நான்காம் வாரத்தில் நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, 45 நிமிடம் கடிகாரம் வைத்து, மூன்று முறையாவது ஒத்திகை பாருங்கள்.

ஆங்கிலமும் திருமணமும்

குமரி மாவட்டத்துத் தமிழும் மலையாளமும் கலந்த உங்கள் உச்சரிப்பை யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். பெங்களூருவில் எதிரே உட்காருபவரின் ஆங்கிலத்திலும் அவருடைய ஊர் இருக்கும். முதலில் விளக்கத்தைத் தமிழிலேயே தங்குதடையின்றிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தமிழில் திக்கினால் சிக்கல் மொழியில் இல்லை, புரிதலில் இருக்கிறது. தமிழில் சரியாக வந்தபின் அதையே குறுகிய ஆங்கில வாக்கியங்களில் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். நீங்கள் தேர்ந்த நான்கு சம்பவங்களையும் இப்படி நான்கைந்து முறை சொன்னால் போதும்.

திருமணத்தைப் பற்றி நீங்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த விஷயம்; அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கேட்டால், "பெங்களூருவுக்கு வர எனக்குத் தடையில்லை, இந்தத் தேதியில் சேர முடியும்" என்று வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், மாப்பிள்ளையிடமும் அவர் வீட்டாரிடமும் பெங்களூரு பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாதது எனக்குச் சற்றுக் கவலையாக இருக்கிறது.

வீடியோ ரவுண்டுகளை வீட்டிலிருந்து செய்வதானால், மழைக்காலத்தில் ஒரு ரப்பர் கிளை கம்பியில் விழுந்தாலே உங்கள் பக்கம் மின்சாரம் போய்விடும் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லேப்டாப்பில் முழு சார்ஜ், வேறு நிறுவனத்தின் சிம் உள்ள இரண்டாவது கைப்பேசி, நேர்காணலை ஏற்பாடு செய்பவரின் எண் காகிதத்தில் எழுதி மேசை மேல், இவை மூன்றும் இருக்கட்டும். இணைப்பு அறுந்தால் உடனே அழைத்துச் சொல்லுங்கள். வேறு நேரம் ஒதுக்குவார்கள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அன்றிரவே, கேட்ட கேள்விகளையும் நீங்கள் தடுமாறிய இடங்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். இந்த முறை கிடைக்காமல் போனாலும், பல நிறுவனங்கள் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ மீண்டும் விண்ணப்பிக்க இடம் தருகின்றன. அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், அடுத்ததற்கு எங்கே தொடங்குவது என்று சேர்ந்து பார்க்கலாம்.